நம்பி மாட்ட ஒரு கெபாசிட்டர்

சர்க்யூட் போர்டு ரிப்பேர் என்றால் பழுதைக் கண்டுபிடிக்கிற வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள்; பழுது சீக்கிரம் தெரிந்துவிடும், அதற்கு நல்ல மாற்றுப் பொருள் தேடித்தான் அலைகிறோம் என்பது நமக்குத்தான் தெரியும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. டிவி, இன்வெர்ட்டர், வாஷிங் மிஷின் எது வந்தாலும், மூடியைக் கழற்றினால் பாதி நேரம் குற்றவாளி கெபாசிட்டர்தான். மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்து நிதானமாக விடுகிற சின்ன டப்பா. கெட்டுப்போனால் தலை உப்பிக்கொள்ளும். கண்ணில் படுகிற டப்பாவின் தலையையெல்லாம் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறீர்களா? உங்களுக்கும் என் வியாதிதான்.

டீக்கடை டிவி

தியாகதுருகத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஏழுமலை அண்ணன் டிவியைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துவந்தார். உப்பிய கெபாசிட்டரை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டி, ஓட்டிக் காட்டி அனுப்பினேன். கோடை வெயில் ஏறியதும் அதே டிவி அதே போர்வையில் திரும்பி வந்தது. திறந்தால், நான் போட்ட புதுசு பழசைவிட மோசமாக உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது.

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். முகம் சூடாகிவிட்டது. வோல்டேஜ் சரியில்லை, வெயில் ஜாஸ்தி என்று நான் ஏதேதோ சொல்லிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பழசு வருஷக்கணக்கா ஓடிச்சி. நீ போட்ட புதுசு ஒரு கிரிக்கெட் சீசன்கூட தாங்கல. அந்தப் பழசு இருந்தா அதையே போட்டுக் குடுத்துடும்மா."

உரித்துப் பார்த்தது

அவர் போனதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டிவிக்குப் போட்டதை எடுத்த அதே பையில் மீந்திருந்த புது கெபாசிட்டர் ஒன்றை எடுத்து, பிளேடால் மேலுறையைக் கிழித்து, டப்பாவையும் அறுத்தேன். பெரிய டப்பாவுக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டி டப்பா; மீதி இடம் வெறும் காலி. வெளியே எழுதியிருந்த அளவு ஒன்று, உள்ளே இருந்த சரக்கு ஒன்று. கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, அதைக் கையில் பொத்திக்கொண்டு நேராக அதை விற்ற பார்ட்ஸ் கடை மஜீத் பாயிடம் போனேன்.

கவுண்டரில் வைத்ததும் அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். தன் டிராயரிலிருந்தே ஒன்றை எடுத்து அறுத்தார். அதற்குள்ளும் குட்டி. இன்னொன்று. அதுவும் குட்டி. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவரும் யாரோ ஒரு சேல்ஸ்மேனை நம்பித்தான் வாங்கியிருக்கிறார். கத்தலாம் என்று வந்தவள் அந்த முகத்தைப் பார்த்து, "பாத்து வாங்கக் கூடாதா பாய்?" என்று மட்டும் கேட்டேன். "இது இன்னா வாழப்பழமாம்மா," என்றார், "உரிச்சிப் பாத்து வாங்க?"

ஆன்லைன் பார்சல்

சரி, கடைகளே வேண்டாம் என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். படத்தில் பளபளவென்று இருந்தது. பார்சல் வரும் வரை ஒரு நாளைக்குப் பல தடவை போனில் அது எந்த ஊரைத் தாண்டியது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் பிரித்தால், கால் கம்பிகளில் ஏற்கனவே பற்றவைத்த பழைய ஈயம் ஒட்டியிருக்கிறது! குப்பைக்குப் போன போர்டுகளிலிருந்து பிடுங்கி, புது உறை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

திருப்பி எடுக்க வந்த டெலிவரி தம்பியிடம் இதையெல்லாம் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டான். பிறகு தன் போனை என் பக்கம் திருப்பினான்: "நீங்க சொல்றது இதுல இல்லக்கா. 'சைஸ் பத்தல'ன்னு போடவா, 'கலர் புடிக்கல'ன்னு போடவா?"

வெள்ளிமலை பஸ்ஸில் வந்த மிஷின்

இந்த நிலைமையில்தான் வெள்ளிமலைப் பக்கமிருந்து அலமேலு வந்தாள். மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல் ஒரு மிஷினைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கியிருந்தாள். காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கிற மிஷின். அவள் புருஷன் வெளியூர் கல்குவாரியில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். மூக்கில் அதன் குழாய் இல்லாவிட்டால் அவரால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. கம்பெனியில் கேட்டால் போர்டு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்களாம். இப்போதைக்கு அவர்கள் ஊர் நர்ஸ் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்பாடு செய்திருந்தார். அது நாளை மறுநாள் வரைக்கும் தாங்கும்.

திறந்தேன். எதிர்பார்த்ததேதான், கெபாசிட்டர் உப்பியிருந்தது. என் டிராயர் நிறைய கெபாசிட்டர். ஆனால் ஒன்றைக்கூட எடுக்கக் கை வரவில்லை. டிவி அணைந்தால் ஒரு மேட்ச் போகும், இது அணைந்தால்? எழுந்தேன், உட்கார்ந்தேன், டிராயரைத் திறந்தேன், மூடினேன். வேறு பெரிய ஊருக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "இன்னாக்கா, மிஷினுக்கு ஒண்ணும் இல்லீங்களே? நீங்கதான் மூச்சு வாங்கிக்கினு இருக்கீங்க."

முழுப் பாக்கெட்

சென்னையில் தயாரிப்பாளரிடமிருந்தே நேராக வாங்கி விற்கிற ஒரு டீலரைப் பிடித்தேன். ஒன்று இரண்டெல்லாம் தரமாட்டோம், முழுப் பாக்கெட்தான் என்றார். அத்தனையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மஜீத் பாய்க்கு போன் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை: "வாங்கும்மா. பாதிய நா எடுத்துக்கிறேன். எனக்கும் நல்ல சரக்கு ஒண்ணு கடையில இருக்கணும்ல."

மறுநாள் காலை பாக்கெட் பஸ்ஸில் வந்தது. பாயும் நானும் முதலில் ஒன்றை அறுத்தோம். உள்ளே முழுசாக, இறுக்கமாகச் சுற்றிய சுருள். மற்றதையெல்லாம் மீட்டரில் வைத்துப் பார்த்து, சரியானதை மாட்டி, சாயங்காலம் வரைக்கும் மிஷினை ஓடவிட்டேன். காலையிலேயே திரும்பி வந்துவிட்ட அலமேலு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டப்பாவின் தலையை நான் மறுபடி மறுபடி தொட்டுப் பார்ப்பதைக் கண்ட பாய்க்குப் பொறுக்கவில்லை: "வுடும்மா. நீ தடவுற தடவுலயே அது சூடாயிடும்."

மலைக்குப் போன் செய்தது

சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடாதே, பக்கத்திலேயே வைத்துக்கொள் என்று சொல்லித்தான் அலமேலுவை அனுப்பினேன். நர்ஸ் வந்து அவள் புருஷன் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவியை மாட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அது போதவில்லை. காலையில் போன், மதியம் போன், மலையில் மழை என்று கேள்விப்பட்டால் அதற்கொரு போன். ஓடுதா? சத்தம் மாறுதா? பின்பக்கம் தொட்டுப் பார், சுடுதா?

அவள் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் போனை அவரே எடுத்தார். அதுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை. மெதுவான குரல்தான், ஆனால் நடுவில் எங்கும் நிறுத்தவில்லை: "மிஷின் நல்லா ஓடுதுங்க, நானும் நல்லா தூங்குறன், நீங்க போன் பண்றப்பதாங்க முழிச்சிக்கிறன்."

ரிப்பேர் செய்த பொருள் நன்றாக ஓடுகிறது என்பதை உலகத்திலேயே கடைசியாக நம்புகிற ஆள், அதை ரிப்பேர் செய்த ஆளாகத்தான் இருக்க முடியும்.