சீல் அக்காவும் கால்வாய்த் தெருவும்

எங்கள் தொகுதிக்கு வயது அறுபத்தெட்டு. அதற்குள் மூன்று முறை அதன் எல்லையைப் பிய்த்துப் போட்டுவிட்டார்கள். முதல் சட்டமன்ற உறுப்பினர் ஒரு வக்கீல். அப்போது ஆற்றின் இரு கரையும் தொகுதிக்குள் இருந்தன. அடுத்தவர் மர ஆலை முதலாளி. பிறகு அவருடைய மருமகன். இப்போது இருப்பவர் பல் டாக்டர். நான் அவருக்கு வண்டி ஓட்டுகிறேன். யார் ஜெயித்தாலும் அலுவலகத்தில் மனு வாங்குகிற நாற்காலியில் இருபத்தாறு வருடமாக ஒரே ஆள்தான்: சீல் அக்கா.

மனு வந்தால் அக்கா படிப்பார், சீல் குத்துவார், எண் போடுவார், உறுப்பினர் கையெழுத்துக்கு என்று பச்சை ஃபைலில் வைப்பார். கையெழுத்து ஆகாமல் ஒரு தாளும் வெளியே போகாது. உறுப்பினர் என்றைக்குக் கையெழுத்துப் போடுவார் என்பது அவருக்கே தெரியாது.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே" என்று வரிசையில் நிற்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"சாமியே இன்னும் வந்து சேரல. பூசாரி என்னத்தக் குடுக்கறது?" என்பார் அக்கா, வீங்கிய காலைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு.

அக்காவின் தங்கை கால்வாய்த் தெருவில் இருக்கிறாள். பெரிய மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் அவள் அடுப்படிக்கே வந்துவிடும். மூடிய சாக்கடை கேட்டு அந்தத் தெரு ஒன்பது வருடம் மனுப் போட்டது. அந்த வேலை போன வருடம்தான் உறுப்பினர் நிதிப் பட்டியலில் ஏறியது. உடனே வந்தது மூன்றாவது எல்லை மாற்றம்! புது வரைபடத்தில் கால்வாய்த் தெரு பக்கத்துத் தொகுதிக்குப் போயிருந்தது. போனால் பட்டியலும் போச்சு, அங்கே முதலிலிருந்து அலைய வேண்டும். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எல்லைக் குழுவுக்கு எழுதலாம் என்று அறிவித்தார்கள்.

தங்கை வீடு வீடாக ஏறி இறங்கி இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்சேப மனுக்களோடு வந்தாள்.

"அக்கா, நீயே குழுவுக்கு அனுப்பிடு. எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"வச்சுட்டுப் போடி. நான் பாத்துக்கறேன்."

அன்று முழுவதும் அக்கா ஒவ்வொன்றாகப் படித்து, சீல் குத்தி, எண் போட்டு, பச்சை ஃபைலில் வைத்தார். ஆட்சேபத்துக்கு உறுப்பினர் கையெழுத்தே தேவையில்லை. அது நேராகக் குழுவுக்குப் போக வேண்டிய தாள். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் கை தானாகச் செய்துவிட்டது. நானும் அந்த ஃபைலைத் தினமும் வண்டியில் ஏற்றி இறக்கினேன், என் புத்தி எங்கே மேயப் போயிற்றோ! பல் டாக்டர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

முப்பத்துநான்காம் நாள் குழுவின் முடிவு வந்தது. கால்வாய்த் தெரு பற்றி ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று போட்டிருந்தது. அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பச்சை ஃபைலை அவிழ்த்தார்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அக்காவை ஏற்றிக்கொண்டு குழு அலுவலகத்துக்கு வண்டியை விரட்டினேன். "தேதி முடிஞ்சு போச்சும்மா" என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர். அவ்வளவுதான் பேச்சு.

அங்கிருந்து தங்கை வீடு. "மெம்பர் கையெழுத்துப் போடலைன்னு சொல்லிடுங்கக்கா. யாரு போய்க் கேக்கப்போறா?" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுப்படியில் நின்றபடியே சொன்னார். "தப்பு என்னோடது. நாந்தான் அனுப்பாம ஃபைல்ல போட்டு வச்சுட்டேன்."

தங்கை கத்துவாள் என்று வாசலிலேயே நின்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அக்காவுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அந்த மெம்பர் மூஞ்சிய இந்தத் தெருவுல ஒருத்தரும் பாத்ததில்ல. இத அவரு பண்ணியிருந்தா, நாலு கெட்ட வார்த்த சொல்லித் திட்டிட்டு அடுத்த வேலையப் பாத்திருப்போம். நாங்க உன்ன நம்பில்ல குடுத்தோம்? உன்ன நான் என்னன்னு திட்டறது, சொல்லு."