கொண்டி கழற்றிய கதவு

அம்மாவுக்கு நான் காவல் இருந்த நாட்களில் அது காவல் என்றே எனக்குத் தெரியாது. பூதப்பாண்டியில் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வாய் மூடாத பிள்ளை என்று தெருவில் பேர் எடுத்திருந்தேன். அந்த வாய்க்கு வீட்டிலேயே ஒரு வேலை கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா குளிக்கும்போது குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நான் சொல்வதற்கெல்லாம் உள்ளேயிருந்து அம்மா ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ வராவிட்டால் உடனே அப்பாவைக் கூப்பிட வேண்டும்.

“அம்மைக்குத் தலைசுத்து. விழுந்துருவா, அதுக்காக்கும்” என்று அத்தை சொல்லியிருந்தாள். அப்பாவின் அக்கா அவள். அடுத்த வீட்டுக்காரிதான், ஆனால் இருப்பெல்லாம் எங்கள் வீட்டில். தெருவில் யார் விசாரித்தாலும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். ஒருத்தியிடம் ரத்தக்குறைவு என்பாள், இன்னொருத்தியிடம் சுகர் என்பாள். அந்த இரண்டு பேரும் சந்தையில் சந்தித்துப் பேசிக்கொள்வார்கள் என்பதை மட்டும் அவள் யோசித்ததே இல்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா மாறிப்போயிருந்தாள் என்பதுதான். படுத்தால் எழுந்திருக்க மாட்டாள். எழுந்தால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவாள். குழம்பு அடிப்பிடித்து வீடெல்லாம் நாறினாலும் அவளுக்குத் தெரியாது. ஒருநாள் அத்தையிடம், “நான் இல்லாட்டா ஒங்களுக்கெல்லாம் நிம்மதி மைனி” என்று சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம் அப்பா கடையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரோடு வந்து படுக்கையறைக் கொண்டி, குளியலறைக் கொண்டி எல்லாவற்றையும் கழற்றினார். மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தவருக்கு அது ஒரு வேலையே இல்லை. துருப்பிடித்துவிட்டது, புதுசு மாட்ட வேண்டும் என்றார். புதுசு வரவே இல்லை.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். மாத்திரைகளை அப்பா தன் கையாலேயே கொடுப்பார். விழுங்கியதும் நாக்கைக் காட்டச் சொல்வார். அம்மா பால்வாடிப் பிள்ளை மாதிரி ‘ஆ’ காட்டுவாள். எனக்குச் சிரிப்பாக வரும், அவர்கள் இருவரும் சிரிப்பதில்லை. மாத்திரை சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அம்மா கொஞ்சம் தூங்கத் தொடங்கினாள், இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். ஆனால் டாக்டர் என்ன கேட்டாலும் பதில் சொல்வது அப்பாதான். தூங்குறாங்களா? தூங்குறா டாக்டர். சாப்பிடுறாங்களா? சாப்பிடுறா டாக்டர். அம்மா பக்கத்தில் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் இருந்தேன். பாதியில் ‘ம்’ நின்றுவிட்டது. “அம்மா” என்றேன். தண்ணீர்ச் சத்தமும் இல்லை. நான் போட்ட கூச்சலில் தெருநாய்கள் குரைத்தன. அப்பா ஓடிவந்து கதவைத் தள்ளினார், பின்னாலேயே அத்தை. அம்மா தலையில் சோப்பு நுரையோடு ஸ்டூலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ‘ம்’ சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை துவர்த்துத் துண்டை எடுத்து அம்மாவைப் போர்த்தினாள்.

“என்னயக் கொஞ்ச நேரம் தனியா விடுங்களேன்” என்றாள் அம்மா.

“கேட்டியாலே? தனியா விடணுமாம்!” என்று அத்தை அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பயமாக இருந்தது. அன்று அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாத்திரைக்கும் வாய் திறக்கவில்லை. அப்பா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “வாயத் தெறயேன் பிள்ளே, ஒன் காலப் பிடிக்கேன்” என்று கட்டிலோரம் நின்றுகொண்டே இருந்தார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளே நாகர்கோவிலுக்குப் போனோம். வழக்கம்போல் அப்பா ஆரம்பித்தார். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு நாற்காலியை அம்மா பக்கம் திருப்பினார்.

“நீங்க சொல்லுங்க. இப்ப உங்களுக்கு என்ன வேணும்?”

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். பொறுக்கமாட்டாமல் நானே எதையாவது சொல்லிவிடலாமா என்றிருந்தது. டாக்டரம்மா மட்டும் அவசரப்படவே இல்லை.

“பாத்ரூமுக்குக் கொண்டி வேணும்” என்றாள் அம்மா கடைசியில்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டு இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அப்பா பெஞ்சில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார். திரும்பக் கூப்பிட்டபோது அம்மா அழுது முடித்திருந்தாள், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“மாட்டிக் குடுங்க” என்றார் டாக்டரம்மா. “மாத்திரை பாட்டுக்கு மாத்திரை இருக்கட்டும். மனசு கையை விட்டுப் போற மாதிரி இருந்தா உடனே உங்ககிட்ட வந்து சொல்றேன்னு எனக்கு வாக்குத் தந்திருக்காங்க. நீங்க நம்பணும்.”

“நம்பாம இல்ல டாக்டர்” என்றார் அப்பா. “பேடியாக்கும்.”

பயத்துக்கு எங்கள் ஊரில் சொல்லும் சொல் அது. அப்பா வாயிலிருந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அத்தை லேசில் விடுவாளா? அப்பா புதுக் கொண்டியை வைத்து ஸ்க்ரூவை முடுக்கும்போது தலையிலடித்துக்கொண்டாள். “ஏலே, ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?” பைத்தியம் என்கிற அந்தச் சொல்லை மாதக்கணக்காக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. சொன்ன பிறகுதான் அத்தை நாக்கைக் கடித்தாள். அப்பாவின் கை நின்றுவிட்டது.

“அவருக்கில்ல மைனி, எனக்காக்கும்” என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கூடவே லேசாக ஒரு சிரிப்பும் வந்த மாதிரி இருந்தது.

அடுத்த நாள் காலை அம்மா துவர்த்தோடு உள்ளே போனாள். கொண்டி விழும் சத்தம் கேட்டது. நான் என் இடத்தில் நின்று பதினாலாம் வாய்ப்பாட்டைத் தொடங்கியதும் அப்பா என் வாயைப் பொத்தினார்.

“வேண்டாம் மக்கா. இனிமே வேண்டாம்.”

என் வேலை போயிற்று. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. நின்றது நின்றதுதான். அத்தை சாமி பேரையெல்லாம் முணுமுணுக்கத் தொடங்கினாள்.

“கூப்பிடுலே” என்றாள் அப்பாவிடம்.

அப்பா கையைக் கதவுவரை கொண்டுபோனார். தட்டவில்லை. கையை இழுத்து மார்பில் கட்டிக்கொண்டார். “அப்பம் நான் தட்டுகேன்” என்று அத்தை முன்னால் வந்தாள். அக்காவை ஒரு சொல் எதிர்த்துப் பேசி அறியாத அப்பா கதவுக்குக் குறுக்கே நின்றார். “தொட்டுராத அக்கா.” அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது.

வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி வந்தது. கொண்டி திறந்தது. தலையில் துவர்த்தைச் சுற்றிக்கொண்டு அம்மா வெளியே வந்தாள்.

“என்னத்துக்கு எல்லாரும் வரிசையா நிக்கியோ? இட்லி ஆறுனா கல்லாயிரும்லா?”

அம்மா அடுக்களைக்குப் போனாள். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள். அப்பா குளியலறைக்குள் போய்க் கொண்டியைப் போட்டார். குழாய் முழு வேகத்தில் கொட்டத் தொடங்கியது.

பள்ளிக்கூட வேன் வரும் நேரம். நான் இன்னும் குளிக்கவில்லை. கதவைத் தட்டினேன். வாளி நிரம்பி வழிவது கேட்டது. “பதினாலொண்ணு பதினாலு” என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். ‘ம்’ வரவில்லை. சும்மா இருப்பேனா? அடுக்களைக்கு ஓடினேன். “அம்மா, அப்பா ‘ம்’ சொல்ல மாட்டேங்காரு!”

அம்மா வந்து கதவில் காதை வைத்தாள். எனக்குக் கேட்காத எதுவோ அவளுக்குக் கேட்டது. உள்ளங்கையைக் கதவில் பதித்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

“அவர விட்டுரு மக்கா. பைய வரட்டும்.”

கொல்லைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் அவளே என்னைக் குளிப்பாட்டினாள். அவள் கை என்மேல் பட்டு எத்தனை நாளாயிற்று என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. சோப்பு கண்ணில் போகிறதென்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

நான் சீருடை மாட்டிக்கொண்டு வரும்போதுதான் அப்பா வெளியே வந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, போட்டிருந்த சட்டைகூட நனையவில்லை. இத்தனை தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு மனிதர் குளிக்காமலே எப்படி வெளியே வருவார் என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. வேனில் பக்கத்தில் இருந்தவளிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“எங்க அப்பாக்குக் குளிக்கவே தெரியாதுட்டி” என்றேன்.