மாமாவின் இடது கால்

மருத்துவர் அந்தக் கருவியை மாமாவின் வலது பாதத்தின் மேல் வைத்ததும் அறை முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. யாரோ ஈரக் காற்றைச் சீராக ஊதி ஊதி விடுவதுபோல் இருந்தது. பேனா அளவுள்ள கருவி. நுனியில் கொஞ்சம் பசை. ஒயரின் மறுமுனையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. அவ்வளவுதான். இத்தனை வருடங்களாகத் தோலுக்கு அடியில் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த இரத்தத்தின் குரலை மாமாவும் அக்காவும் நானும் மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு கருவி இடது பாதத்துக்கு மாறியது. அங்கே ஒன்றும் கேட்கவில்லை. மருத்துவர் நுனியை நகர்த்தி நகர்த்தித் தேடினார். கடைசியில், எங்கோ வெகு தொலைவில் பனைமரங்களுக்குள் காற்று புகுந்து போவதுபோல ஒரு முனகல் வந்தது. மாமாதான் முதலில் வாய் திறந்தார். “மாப்ள, ஒரு காலுக்கு மோட்டார் ஓடுது. இன்னொண்ணுக்குக் கரண்டு வல்ல போல.” அந்த இளம் பெண் மருத்துவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

மாமா என் அக்காவின் கணவர். எரியோட்டுப் பக்கம் அவர்களுக்கு மல்லிகைத் தோட்டம். நான் திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்வருவது வழக்கம். மாமா யாரிடமும் நின்று பேசுகிறவர் அல்லர். எதிரே வருகிறவர் நலம் விசாரித்து முடிப்பதற்குள் நாலு வீடு தாண்டியிருப்பார். அப்படிப்பட்டவர் திடீரென்று வாசலுக்கு வாசல் நிற்க ஆரம்பித்தார். மாடு கன்று போட்டதா, பேரன் தவழ்கிறானா, போர்வெல்லில் தண்ணீர் எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஊரே பூரித்துப்போனது. டீக்கடைக்காரர் என்னிடம், “வயசாக வயசாக ஒங்க மாமாவுக்கு மனசு எளகிருச்சுப்பா. அம்புட்டுப் பிரியமா நின்னு பேசுறாரு” என்றார். அக்காவுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

விஷயம் வெளியே வந்தது திண்டுக்கல் பேருந்து நிலையத்தில். பழனி வண்டி கிளம்பப் போகிறது, நான் முன்னால் ஓடுகிறேன், திரும்பிப் பார்த்தால் மாமா ஒரு வளையல் கடைக்கு முன்னால் நின்று கண்ணாடி வளையல்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “என்ன மாமா, வளையல் வாங்கப் போறீங்களா?” என்றேன். “போடா, எவனுக்கு வேணும் வளையல்? கெண்டக்கால் கல்லாட்டம் இறுகிப்போச்சு. செத்த நேரம் நின்னா விட்டுரும். சும்மா நின்னா ஏன் நிக்கிறன்னு கேப்பாங்கல்ல?” என்றார். இத்தனை மாதமாக ஊராரிடம் அவர் காட்டிய பிரியமெல்லாம் இந்த வலிக்குப் போட்ட போர்வை என்று அப்போதுதான் புரிந்தது. நரம்பு இழுத்துக்கொண்டதாக நினைத்து யாருக்கும் தெரியாமல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்திருக்கிறார்.

நரம்பு அல்ல, இரத்தக் குழாய் என்று அந்த மருத்துவர் விளக்கினார். தொடையில் இறங்கும் குழாய் அடைத்திருக்கிறது. நிற்கும்போது போதுமான இரத்தம் நடக்கும்போது போதவில்லை. அதனால் தசை கத்துகிறது. “பீடியும் சர்க்கரையும் கூட்டாளிங்கய்யா. ரெண்டும் சேர்ந்து பண்ண வேல இது. கால்ல அடைச்சது நாளைக்கு நெஞ்சுலயும் அடைக்கலாம். அதனால மாத்திரை காலுக்கு மட்டும் இல்ல, இதயத்துக்கும் சேத்துத்தான்” என்றார். பிறகு வழிகளைச் சொன்னார். பீடியை விட்டு, மாத்திரை சாப்பிட்டு, முறையாக நடந்து பார்ப்பது ஒன்று. பலூன் வைத்து அடைப்பை விரித்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பது இன்னொன்று. அதுவும் முடியாதபோது காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து மாற்றுப்பாதை போடும் அறுவை சிகிச்சை. “எதும்மா நல்லது?” என்று அக்கா கேட்டாள். “ஒரே வார்த்தையில சொல்ல முடியாதும்மா. இப்ப வர்ற ஆராய்ச்சியெல்லாம், இந்த நிலையில நடைப்பயிற்சியே நெறையப் பேருக்குக் கைகொடுக்குதுன்னு சொல்லுது. வலி வர்ற வரைக்கும் நடக்கணும், கொஞ்சம் தாங்கணும், நிக்கணும், வலி போனதும் திரும்ப நடக்கணும். மொதல்ல அதைப் பாப்போம்.”

நடப்பதுதான் மருந்து என்றதும் மாமாவுக்கு ஒரே குஷி. ஆனால் மருத்துவர் விரலை உயர்த்தினார். “ஒண்ணே ஒண்ணு. கால்ல புண்ணு மட்டும் வந்துரக் கூடாது. ஆறுறதுக்கு ரத்தம் பத்தாது. அப்புறம் எந்த வழின்னு நாம உக்காந்து பேசவே முடியாது. காலக் காப்பாத்துறதே பெரும்பாடாயிரும். வீட்டுக்குள்ளகூடச் செருப்பு போடணும். தோட்டத்துலயும்தான்.” மாமா தலையை ஆட்டினார். அக்கா தரையைப் பார்த்தாள். மல்லிகைத் தோட்டத்துக்குள் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. சாமிக்குப் போகிற பூ. வரப்போரத்தில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். வெறுங்காலோடுதான் பறிப்பு, பாத்தி கட்டுவது, தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம். அதற்குக் காவல் என் அக்காதான். ஒருமுறை நான் பேச்சு மும்முரத்தில் ஷூவோடு ஓரடி வைத்துவிட்டேன். “ஏலே, டவுனுக்காரன்னா சாமி இல்லையா?” என்று வேலைக்கு வந்த பெண்கள் எதிரிலேயே என்னைத் துரத்திவிட்டு, நான் மிதித்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு மங்கலான வெளிச்சம்தான் முதலில் வருகிறது. ஞாயிறு விடிகாலையில் மாமாவோடு நானும் சாலையில் நடப்பேன். இரண்டு பக்கமும் மொட்டின் வாசனை பனியில் நனைந்து கனமாக நிற்கும். தூரத்து மலைகள் இருக்கின்றனவா, மேகம்தானா என்று தெரியாது. மாமா நடப்பார், முகம் சுருங்கும், இன்னும் கொஞ்சம் நடப்பார், நிற்பார். நானும் நிற்பேன். நின்ற இடத்தில் எங்கள் மூச்சு மட்டும் கேட்கும். அந்தக் காலுக்குள், அடைபட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு ஏதோ ஒரு மெல்லிய கிளை தனக்கு வழி தேடிக்கொண்டிருப்பதாக நான் கற்பனை செய்துகொள்வேன். நடை எப்படி உதவுகிறது என்பது ஆராய்ச்சியாளர்களுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை என்று பின்னால் படித்தேன். ஆனாலும் உதவியது. முதலில் பிள்ளையார் கோயில், பிறகு பாலம், பிறகு அதையும் தாண்டி என்று மாமா நிற்கும் இடம் தள்ளிக்கொண்டே போனது. “பாத்தியா மாப்ள, கரண்டு வந்துருச்சு” என்பார்.

சாலையில் செருப்பு போட்டார். வரப்பில் கழற்றினார். மருத்துவர் கேட்டபோது, “போடுறேன்ம்மா, எப்பவும் போடுறேன்” என்று கூசாமல் சொன்னார். ஒரு நாள் அக்கா வீட்டுத் தரையில் சிவப்புப் பொட்டுகளைக் கண்டு, அவை போன வழியே போனாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது குதிகாலில் கருவேல முள் ஒடிந்து நின்றது. அவருக்கு அது தெரியவே இல்லை. சர்க்கரை அந்தப் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது.

முள்ளை எடுத்தார்கள், புண் ஆறவில்லை. விளிம்பு கறுத்தது. காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவருமோ என்ற பேச்சை மருத்துவர் முதலில் என்னிடம்தான் தொடங்கினார். நான் அக்காவிடம் சொல்வதற்குள் அவள் என் முகத்திலேயே படித்துவிட்டாள். இப்போது தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை, உடனே பலூன். கவட்டையில் ஒரு சின்னத் துளை, அதன் வழியே கம்பி, மருந்து பூசிய பலூன். மாமா விழித்தபடியே படுத்துத் திரையில் தன் குழாய் கருமையாகக் கிளைவிடுவதைப் பார்த்தாராம். “நம்ம வாய்க்கா மாதிரியேதான்டா இருக்கு” என்றார் வெளியே வந்ததும். அக்கா போர்வையை விலக்கி அந்தப் பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும். கையை எடுக்காமல் அப்படியே நின்று அழுதாள். புண் மூடச் சில மாதங்கள் ஆயின. கால் தப்பியது. ஆனால் மருத்துவர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லி அனுப்பினார்: “இந்தக் குழாய் மறுபடியும் அடைக்கலாம். இன்னொரு முள்ளு ஏறுச்சுன்னா என்னால உறுதி குடுக்க முடியாது.”

இப்போது அந்தத் தோட்டத்தில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. பறிப்புக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்ததே தெரியாது. மாமா திரும்பவும் தோட்டத்துக்கு வந்த முதல் காலையில் நான் உடனிருந்தேன். வெளிச்சம் வரப் பார்க்கிற நேரம். செடிகளின் மேல் மொட்டுகள் வெள்ளைப் புள்ளிகளாக மிதந்தன. மாமா வரப்போரத்தில் நின்றார். பழக்கம் போலக் குனிந்து செருப்பின் வாரில் கை வைத்தார். அக்கா தன் ரப்பர் செருப்போடு அவரைத் தாண்டிப் பாத்திக்குள் இறங்கினாள்.

“யக்கா, செருப்பு! செருப்பு!” என்று பறித்துக்கொண்டிருந்த ஒருத்தி பதறினாள்.

“தெரியும்டி. நீ பறி.” பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். “என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? பாவம்னா மொதப் பாவம் என்னுது. சாமிக்கு நான் சொல்லிக்கிறேன். வாங்க.”

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வலது காலை வைத்தார். பிறகு இடது காலை, தூங்குகிற குழந்தையைத் தரையில் கிடத்துவதுபோல, மெல்ல உள்ளே வைத்தார். ஈர மண்ணில் இரண்டு பேருடைய செருப்புத் தடங்களும் பதிந்துகொண்டே போயின. அக்கா முதல் செடியில் குனிந்து ஒரு பிடி மொட்டுப் பறித்தாள். விற்கிற பூவோடு சேர்க்காமல் அதை முந்தானையில் தனியாக முடிந்துகொண்டாள், கோயிலுக்கென்று.