மூக்கில் விட்ட எண்ணெய்

மலேசியாவில், கிள்ளானில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் நான் மிஸ்ஸி; நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை பெற்றவர்களின் வீடு தேடிப் போய்த் தாயையும் குழந்தையையும் பார்த்து வருவது என் வேலை. குளிப்பாட்டும்போது பச்சைக் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கத்தை ஒழித்தே தீருவது என்று பல வருடமாக ஒற்றைக்காலில் நிற்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில்கூடத் தொண்டை வற்றப் பேசியிருக்கிறேன். தாய்மார்கள் நன்றாகத் தலையாட்டுவார்கள். கறிபாப்பும் தேநீரும் முடிந்ததும் வீட்டுக்குப் போய், குளிப்பாட்ட வரும் ஆன்டியின் மடியில் பிள்ளையைப் போட்டுவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

போன வருடம் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு நாள் பெண் குழந்தை. இரண்டு நாளாக இருமல் என்று தாய் வாசலிலேயே சொன்னாள். உள்ளே, குளியலறையில் குளிப்பாட்ட வந்த ஆன்டி காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையை மல்லாத்திப் போட்டிருந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். எங்கள் பகுதியில் பாதிப் பிள்ளைகள் அவர் கால்மேல் குளித்தவை.

"சளி கட்டியிருக்கு. இன்னைக்கு ரெண்டு சொட்டு கூட விட்டா எல்லாம் வந்துரும்" என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார்.

குழந்தை மூச்சு விடும் வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடினேன். "விடாதீங்க ஆன்டி. இவளை உடனே டாக்டர்கிட்ட காட்டணும்."

ஆன்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபது வருசமா குளிப்பாட்டறேன், ஒரு பிள்ளைக்கு ஒன்னு ஆனதில்ல. உன் மகனுக்கும் நான்தானே விட்டேன்? இப்ப ஆளு வளர்ந்து மோட்டோர் ஓட்டுறான் லா!"

தாய் கையில் துண்டோடு என்னையே பார்த்தாள். பதினெட்டு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் துண்டோடு நின்றேன். படித்த மிஸ்ஸி. எண்ணெய் எங்கே போகும் என்று தெரிந்தவள். மாமியார் பக்கத்தில் நின்றதால் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை எனக்குப் போகவில்லை.

"என் மகனை பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில சேர்த்தோம் ஆன்டி" என்றேன். "எண்ணெய் நெஞ்சுக்குள்ள போயிருச்சுன்னு சொன்னாங்க. ஒரு வாரம் ஆக்சிஜன்ல கெடந்தான்."

"செமினிக்கு, உங்கம்மா வீட்டுக்குப் போறோம்னுதானே சொன்னீங்க?"

"பொய் சொன்னோம்."

ஆன்டி வயதில் மூத்தவர், அவர் மனம் நோகக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். முப்பதாம் நாள் எல்லா வீட்டிலும் செய்வதுபோல் வெற்றிலை பாக்கோடு புடவை வைத்துக் கொடுத்தோம். அவரும் பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, அடுத்த வீட்டுக்குக் குளிப்பாட்டப் போனார். நாங்கள் காட்டிய மரியாதையின் லட்சணம் அது.

ஆன்டி கிண்ணத்தைக் கீழே வைத்தார். குழந்தையை வெறும் வெந்நீரில் அலசி, தாயிடம் நீட்டி, "கெளம்பு, மிஸ்ஸியோட போ" என்றார். எங்களோடு அவரும் வண்டியில் ஏறினார்.

குழந்தைக்கு நெஞ்சில் தொற்று இருந்தது. ஆரம்பத்திலேயே வந்துவிட்டதால் தப்பித்தாள் என்று டாக்டர் சொன்னார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்கடுத்த நாள் காலையில் கிளினிக் திறக்கும்போதே ஆன்டி வாசலில் நின்றார். நல்ல புடவை கட்டியிருந்தார்.

"வேற எத்தனை பேரு என்கிட்ட ஊருக்குப் போறோம்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"அப்ப வா, கேப்போம்."

எனக்கு வேலை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். முதல் வீட்டுக் கதவைத் திறந்தவள் ஆன்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "பையன் நல்லா இருக்கான் ஆன்டி, ஒரு குறையும் இல்ல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஆன்டி உட்காரவில்லை. "எனக்கு நோகும்னு பார்க்காத. உள்ளதைச் சொல்லு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு, நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தாள்.