‘என்ன’ என்று கேட்டேன், இயந்திரம் வந்தது

நாயாற்றுப் பக்கம் கண்ணிவெடி அகற்றியபோது எனக்குக் கிடைத்தது கூடாரத்துக்குள் இருந்து செய்கிற வேலை. மேசையில் மடிக்கணினி, கையில் வோக்கி-டோக்கி. திரையில் அந்தக் காணியின் வரைபடம் இருக்கும். நீலப்புள்ளிகள் எங்கள் பெண்கள் அணி. மஞ்சள்புள்ளி இராணுவத்தின் இயந்திரம். அது ஆளில்லாமல் ஓடும், சங்கிலிகளால் மண்ணை அடித்துக்கொண்டு போகும். தூரத்தில் நின்ற கவச வண்டிக்குள்ளிருந்து ஒரு சார்ஜன்ட் கமெராவில் பார்த்து அதை ஓட்டுவார். ஆட்களும் இயந்திரமும் ஒன்றையொன்று நெருங்காமல் பார்ப்பது என் பொறுப்பு. எங்கள் ஊர் வட்டக்கச்சியில் அண்ணன்மாரின் வாய்க்கால் சண்டைகளைத் தீர்த்துவைத்த எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

சார்ஜன்ட் தெற்கிலிருந்து வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. ‘கோ’, ‘ஸ்டொப்’ என்ற இரண்டு சொற்களிலேயே எங்கள் நிர்வாகம் ஓடியது.

ஒருநாள் காலை, தேநீருக்காகப் பெண்கள் அணியைக் காணியிலிருந்து கூடாரத்துக்கு எடுத்திருந்தேன். அப்போது சார்ஜன்ட் வோக்கியில் ஏதோ சொன்னார். இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை.

“என்ன?” என்றேன்.

“ஹரி, ஹரி” என்றார், ‘சரி, சரி’ என்பதுபோல்.

சங்கிலிகள் நின்றன. மஞ்சள்புள்ளி மெல்லத் திரும்பி, துப்புரவாக்கிய பாதையால் கூடாரத்தை நோக்கி வரத் தொடங்கியது.

“என்ன? என்ன?” என்று கத்தினேன். புள்ளி வேகம் பிடித்தது.

அணித்தலைவி முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்துக்காரி. கோப்பையும் கையுமாக வெளியே எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை, உன்ரை மெஷினும் தேத்தண்ணிக்கு வருது போலை.”

“எல்லாரும் மண்ணணைக்குப் பின்னாலை போங்கோ!” என்றேன். ‘ஸ்டொப்’ என்ற சொல் மட்டும் வாய்க்கு வரவேயில்லை. “ஐயோ, என்ன இது!” என்றுதான் மறுபடியும் வந்தது.

அணித்தலைவி அக்கா வோக்கியைப் பறித்து, “நவத்தன்ன!” என்று சிங்களத்தில் ஒரு அதட்டுப் போட்டார். கூடாரக் கயிற்றுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த இரும்புப் பூதம் அடங்கி நின்றது.

சார்ஜன்ட் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். அக்கா அவரோடு சிங்களத்தில் கதைத்தார்; கரைக்கு வந்துபோகும் தெற்கு மீனவரிடம் பழகிய சிங்களம். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி கதிரையில் இருந்துவிட்டார்.

“அடுத்த வரிசைக்குப் போகட்டோ எண்டு கேட்டவராம். நீ வரச்சொன்னியாம்.”

“நானோ?”

“ஓமடி. சிங்களத்திலை ‘என்ன’ எண்டால் ‘வாங்கோ’. நாலுதரம் கூப்பிட்டிருக்கிறாய், அதுவும் நல்ல மரியாதையாய்!”

எனக்கு முகமெல்லாம் சூடேறியது. சார்ஜன்டும் சிரித்தார். எங்கள் பெண்களில் ஒருவர் போய் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அன்றே பொறுப்பதிகாரி வோக்கியில் அந்தச் சொல்லைத் தடைசெய்தார். ஆனால் ஒரு தமிழ்ச்சி ‘என்ன’ இல்லாமல் ஒருநாள் கதைத்துப் பார்க்கட்டும்! மதியத்துக்குள் மூன்று தரம் எனக்கு வாய் தவறியது. மூன்று தரமும் மஞ்சள்புள்ளி நின்ற இடத்திலேயே நிற்க, அக்கா பழக்கிவிட்ட தமிழில் சார்ஜன்டின் குரல் வந்தது.

“மிஸ், வரவோ, வேண்டாமோ?”

“வேண்டாம்! அங்கையே நில்லுங்கோ!”