கோடு போட்ட வரி

எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளிபாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் பி.யூ.சி. படித்தவள் என்பதால் அந்த வரிசைக்கு வரும் கடிதங்களையெல்லாம் படித்துக்காட்டச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மூன்றாம் வீட்டு அக்கா தறி ஓட்டப் போகிறவர். அவர் மகன் ஐந்தாவதோடு படிப்பை விட்டவன்; சைக்கிள் திருடிப் பிடிபட்டு, மூன்று வருடமாக சீர்திருத்தப் பள்ளியில் இருந்தான். அங்கே எட்டாவது வரை வந்துவிட்டான். கடிதத்துக்குக் கடிதம் கையெழுத்து திருந்திக்கொண்டே போனது. ஒருமுறை அதை என் மகனின் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

என் மகன் ஈரோட்டில் இங்கிலீஷ் பள்ளியில் மூன்றாவது. தினமும் காலையில் வயிறு வலிக்கும். கதவைப் பிடித்துக்கொள்வான். நான் வளர்த்த விதம் சரியில்லையோ, அதட்டியது அதிகமோ, கொஞ்சியது அதிகமோ என்று பஸ் ஏற்றிவிட்டு வரும் வழியெல்லாம் யோசிப்பேன்.

அந்த மார்கழியில் வந்த கடிதத்தில் அக்கா மகன் எழுதியிருந்தான்: "தையில் என்னை விட்டுவிடுவார்கள். பரீட்சை பங்குனியில். நீ மனு கொடுத்தால் அதுவரை வைத்துக்கொள்வார்களாம். வகுப்பில் இருக்கும்போது மட்டும்தான் நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்பதில்லை. வெளியே வந்தால் எனக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காது." கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தான்.

தையில் விடுவார்கள் என்பதை மட்டும் அக்காவுக்குப் படித்து, அதற்குப் பிறகு இருந்ததைத் தாண்டிவிட்டேன். மகன் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் தாயின் ஆசையைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பூட்டி வைத்த பையன் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கெஞ்சுகிறான். என் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. அதை என் வாயால் படிக்க மனம் வரவில்லை.

"அவ்வளவுதானா சாமி?" என்றார் அக்கா.

"ஆமாங்கக்கா. நல்லாருக்கறானாமுங்க. தையில வந்துருவானாமுங்க."

"இதச் சொல்லறதுக்கா ரெண்டு பக்கம் எழுதிப்போட்டான்?" கடிதத்தைத் திருப்பி, விரல் வைத்துக் காட்டினார். "இங்க மட்டும் கோடு போட்டுருக்கறான் பாரு. இதென்ன?"

"சும்மா போட்டுருப்பானுங்க."

அவர் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

மறுநாள் காலை மகனுக்குச் சீருடை போட்டுவிட்டு, அக்கா வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் கேட்டு வாங்கினேன். விட்டதையெல்லாம் படித்தேன். அக்கா அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"வந்ததும் தறிக்கு நூல் தார் சுத்த அனுப்பலாம்னு அவங்க மாமங்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நேத்து உனக்குக் கண்ணு தெரியலையாக்கும்?"

"தப்புங்கக்கா."

"செரி, உடு. மனுவ எழுது."

வெள்ளைத்தாள் எடுத்துவந்து அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பாதியில் என் மகன் வந்து நின்றான்.

"அம்மா, பஸ் போயிருச்சு."

முகமெல்லாம் சிரிப்பு. பையைக் கழற்றிப் போட்டுவிட்டு விளையாட ஓடினான்.

எழுதி முடித்து, பேனா மையைத் தடவி, அக்காவின் கட்டைவிரலைப் பிடித்துத் தாளின் அடியில் வைத்து அழுத்தினேன்.

"மெதுவா சாமி," என்றார் அக்கா. "வலிக்குது."