ஒரே வயலில் மூன்று காற்று

வெர்னா ஹாக்கன்சன் அமெரிக்காவின் மான்டானாவில் எங்கள் மாவட்டத்துச் சரளைச் சாலைகளை மட்டம் செய்யும் கிரேடர் ஓட்டினாள். அவளுக்குப் பின்னால், புழுதி அடங்கச் சாலையை நனைக்கும் தண்ணீர் லாரி ஓட்டியவன் நான். ஐம்பத்தொரு வயது வரை அவள் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அண்ணன்மார் மான் அடித்து வருவார்கள். இவள் இறைச்சியைப் பொட்டலம் கட்டுவாள்.

ஒரு மே மாதம், துப்பாக்கி சுடுதளத்தை ஒட்டிய சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தோம். ஒரு வெடிச்சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நாங்கள் மறந்தே போன பிறகு, எங்கோ தொலைவில் இரும்புத் தகடு ‘டிங்’ என்றது. வெர்னா மெல்லுவதை நிறுத்தினாள்.

“ஆர்லோ, நடுவுல அந்த குண்டு எங்க இருந்துச்சு?”

“ஆகாசத்துலதான். வேற எங்க?”

“அவ்வளவு நேரமாவா?”

அந்த வாரமே ரைஃபிள் வாங்கிவிட்டாள். யாரிடமாவது கற்றுக்கொள்ளேன் என்றேன்.

“ஆம்பளைங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டா ஒம்பது வேட்டைக் கதை வரும். நானே பாத்துக்கறேன்.”

குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் குப்புறப் படுத்து, தோட்டா இல்லாத துப்பாக்கியின் விசையை அழுத்திப் பழகினாள். கோடையில் அண்ணனின் தரிசு வயலில், குன்றின் அடியில், ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் தகட்டைத் தொங்கவிட்டாள். மூன்று வாரம் ஒரு குண்டும் படவில்லை. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். வயல் நெடுக நூறு கெஜத்துக்கு ஒரு குச்சி நட்டு, ஆரஞ்சு நாடா கட்டியிருந்தாள். எங்கள் அருகே நாடாக்கள் இடப்பக்கம் படபடத்தன. நடுவிலிருந்த பள்ளத்தில் வலப்பக்கம். தகட்டருகே அசையாமல் தொங்கின.

“மூணு காத்து, ஆர்லோ,” என்றாள், தேவாலயத்தில் பேசுவதுபோல. “ஒரே வயல்ல.”

அந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாது.

“தொலைநோக்கியில பாரு. கண்ண சிமிட்டாத.”

சுட்டாள். அடுப்புக்கு மேல் சூடு நெளியுமே, அப்படி ஒரு மெல்லிய நெளிவு காற்றைக் கிழித்து மேலே ஏறியது. வானத்தில் வளைந்து, பக்கவாட்டில் சரிந்து, தகட்டின் மேல் வந்து இறங்கியது. குண்டு போன வழியையே கண்ணால் பார்த்துவிட்டேன்.

“பாத்தியா?”

“இன்னொண்ணு சுடு,” என்றேன்.

இரண்டு ஆண்டு கழித்து, சுடுதளத்தில் நடக்கும் ஆகஸ்ட் போட்டிக்குப் போனாள். ஆயிரம் கெஜத் தகடு, ஐந்து நிமிடத்தில் பத்துக் குண்டு. அன்று காற்று பேயாக அடித்தது. பெயர்பெற்ற ஆட்களே நாலும் ஐந்தும்தான் அடித்தார்கள். வெர்னா படுத்தாள். ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது, அவள் சுடவில்லை.

“ரோடு போட்ட களைப்புல தூங்கிட்டா போல!” என்றான் பின்னாலிருந்த ப்ரூயிட், அந்தப் பெயர்பெற்ற ஆட்களில் ஒருவன். சிரித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மூன்று நிமிடம் தாண்டியது. சுடுதளத்தின் நடுவிலிருந்த பள்ளத்தில், அதுவரை அங்குமிங்கும் அலைந்த புல் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. அப்போது தொடங்கினாள். சுட்டாள், அடுத்ததை ஏற்றினாள், சுட்டாள். தகடு ஒலித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது மட்டும் தவறியது. பத்தில் ஒன்பது.

ப்ரூயிட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

“ஏம்மா, அவ்வளவு நேரம் என்னத்த பாத்த?”

“புல்ல,” என்றாள் வெர்னா. “ஏழாவதுக்கு நான் அவசரப்பட்டுட்டேன்.”

அவன் அவளுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, வெகுநேரம் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.